பாய்மரம் வைத்த சோபா

பொய் சொல்லிக் கெட்டவர்கள் உலகத்தில் ஏராளம். உண்மை சொல்லிக் கெட்டவர்களும் கொஞ்சம் பேர் உண்டு. ஆனால் யாரும் கேட்காத உண்மையை, அதுவும் ஒரு படிவத்தின் கடைசிக் கட்டத்தில், இடம் போதாமல் ஓரத்தில் அம்புக்குறி போட்டு எழுதிக் கெட்டவன் நமக்குத் தெரிந்து ஒருவன்தான். அவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

அவனையும் குறை சொல்வதற்கில்லை. தொழில் அப்படி. ஒரு போல்ட்டை முறுக்கினால் முறுக்கியதாகப் பதிவேட்டில் எழுத வேண்டும். முறுக்காவிட்டால் முறுக்கவில்லை என்று எழுத வேண்டும். பதினோரு வருஷம் அப்படியே எழுதிப் பழகியவன் கையில் 'வெளிநாடு கொண்டுசெல்லும் வீட்டுச் சாமான்களின் விவரம்' என்று நாலு பக்கப் படிவத்தைக் கொடுத்தால் வேறென்ன செய்வான்? ஊரே 'இதர பொருட்கள் – சில' என்று எழுதிவிட்டுப் போகிற இடத்தில் அவன் எழுதினான்: 'பாய்மரப் படகு – 1, நீளம் பதினோரு அடி. பாய்மரம் – 1. பாய் – 1. சுக்கான் – 1. நங்கூரம், சிறியது – 1.' கீழே தேதியோடு கையெழுத்து.

ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். படகின் அடியில் ஓர் ஓட்டை உண்டு. கரையேற்றினதும் உள்ளே சேர்ந்த தண்ணீர் வடிவதற்கு. தண்ணீரில் இறக்கும்போது அதைக் கட்டைவிரல் அளவுத் தக்கை ஒன்றால் அடைக்க வேண்டும். போன வருஷம் ஒரு தடவை அடைக்க மறந்து, நடுத் தண்ணீரில் முழங்கால்வரை நனைந்தபிறகு மெக்கானிக்குக்குத் தண்ணீர் என்றாலே பயம். அன்றிலிருந்து தக்கை மனைவியின் சாவிக்கொத்தில் தொங்கியது. அதனால் பட்டியலில் வரவில்லை.

படகே மனைவியுடையதுதான். அவள் பிசியோதெரபிஸ்ட். வாரத்தில் ஆறு நாள் ஊராரின் முட்டியையும் தோளையும் பிசைந்துவிட்டு, ஏழாம் நாள் பார்க்கிங்கில் உட்கார்ந்து மூன்று வருஷமாகத் தன் கையால் இழைத்துச் செதுக்கிய படகு. மெக்கானிக்குக்கு வெளிநாட்டில் நாற்பது மாடிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் போடும் வேலை கிடைத்தபோது அவள் சந்தோஷமாகத்தான் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"உங்களுக்கு அங்க வேலை இருக்கு. எனக்கு என்ன இருக்கு? என் படிப்பு அங்க செல்லாது. திரும்ப ரெண்டு வருஷம் பரீட்சை எழுதணும். ரெண்டு வருஷம் ஜன்னலையே பாத்துட்டு உக்காரவா? படகு வந்தா நான் வரேன். படகு இங்க நின்னா நானும் இங்கதான்."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. அவள் 'இன்னும் பத்து தடவை மடக்குங்க' என்றால் எப்பேர்ப்பட்ட முட்டியும் பத்து தடவை மடங்கும்.

சரக்குக் கப்பல் கிளம்ப இருபத்திரண்டு நாள் இருந்தது.

*

வீட்டுச் சாமான் பிரிவில் ஏ.சி. காற்றுக்குப் பயந்து சால்வை போர்த்திக்கொண்டு ஓர் அம்மா இருந்தார். படிவத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது அவர் வழக்கம்போலும். நேராக அம்புக்குறியில் போய் நின்றார்.

"பாய்மரம் இருக்கா?"

"இருக்குங்க மேடம்."

"அப்ப இது சாமான் இல்ல. கலம்."

"சின்னதுங்க மேடம். வேன்லயே ஏறிடும்."

"யானைக்குட்டி சின்னதா இருக்குன்னு பூனைன்னு எழுதுவீங்களா? கலப் பிரிவு மாடியில."

"இந்த வரியை மட்டும் அடிச்சிட்டு..."

சால்வை அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "தம்பி, எழுதாம இருந்திருந்தா எனக்குத் தெரியாது. எழுதிட்டீங்க. தெரிஞ்சதை எப்படித் தெரியாமப் பண்றது? இந்த ஆபீஸ்ல அதுக்கு மட்டும் ஃபாரம் இல்ல."

மாடியில் கலப் பிரிவு அதிகாரி தொப்பி போட்டு, சட்டையில் பொன்னிறப் பட்டை வைத்து, தூசி தட்டிய மேசையின்முன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெரிய கப்பல்களின் வேலையெல்லாம் ஏஜெண்டுகள் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடுவதால், அவர் கவுண்டருக்கு ஆறு வருஷமாக ஆளே வரவில்லை. மெக்கானிக்கைப் பார்த்ததும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

"வாங்க கேப்டன்!"

மெக்கானிக் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

"ஓனர்தான் கேப்டன். உக்காருங்க. எத்தனை சிப்பந்திகள்?"

"நானும் வீட்டம்மாவும்தான் சார்."

"கப்பல் டாக்டர்?"

"அவ பிசியோதெரபிஸ்ட்."

"டாக்டர் இருக்காங்க." எழுதிக்கொண்டார். "எலி?"

"எலி இல்ல சார்."

"இல்லைன்னு நீங்க சொன்னா ஆச்சா? எலி இல்லைன்னு எலி பிடிக்கிறவர் சர்டிஃபிகேட் கொடுக்கணும். ஆனா எலி இருந்தாத்தான் அவர் வருவார். அதை அப்புறம் பாப்போம். முக்கியமான விஷயம், கலம் தன் சொந்த முயற்சியில கிளம்பணும்."

"சார், நாங்க அதை கப்பல்ல ஏத்தி அனுப்பப் போறோம்."

தொப்பிக்காரர் முகம் வாடியது. "கேப்டன், ஒரு கலம் இன்னொரு கலத்துமேல உக்காந்து போனா அது எவ்வளவு பெரிய அவமானம்?"

"படகுக்கா சார்?"

"டிபார்ட்மெண்டுக்கு." நெஞ்சில் கை வைத்தார். "இந்தச் சேர்ல பதினெட்டு வருஷம் இருக்கேன். ஒரு தப்பு நடந்ததில்ல. நான் கடலைக்கூடப் பாத்ததில்ல. பாத்தா மனசுல ஒரு பாரபட்சம் வந்துரும்."

சாமானாகப் போகலாமா என்பதை மேலே எழுதிக் கேட்பதாகவும், பதில் வரும்வரை விதிப்படி தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கலத்தின் நிலையைப் போனில் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அன்று முதல் மெக்கானிக் தினமும் பன்னிரண்டு அடிக்கும்போது ஏதாவதொரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் கிரீஸ் கையோடு போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான்.

"கலத்தின் நிலை, கேப்டன்?"

"பார்க்கிங் சார். பதினாலாம் நம்பர் தூண் பக்கத்துல."

"வேகம்?"

"ஜீரோ."

"வானிலை?"

"மேல பைப் ஒழுகுது சார். படகுமேல சொட்டுது."

"மழைன்னு எழுதிக்கிறேன். தைரியமா இருங்க கேப்டன்."

ஏழு நாள் இப்படிப் போயிற்று. ஏழு நாளும் அவன் ஓர் இடத்தில் நிலையாக நிற்கவில்லை. டீ குடிக்கும்போது நடந்தான், பல் விளக்கும்போது நடந்தான், காலண்டர் முன்னால் போய் நின்று எண்ணிவிட்டு மறுபடி நடந்தான். கால் கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. எட்டாம் நாள் கடிதம் வந்தது.

'தங்கள் கலம் ஏழு நாட்களாக இடைவிடாத மழையில், ஒரே இடத்தில், முன்னேற இயலாமல் சிக்கியிருப்பதாகத் தங்கள் அறிக்கைகளிலிருந்து தெரியவருகிறது. மேலும் ஏழு நாட்களுக்குள் நிலைமை மாறாவிட்டால், அது கைவிடப்பட்ட கலமாக அறிவிக்கப்பட்டு அரசால் மீட்கப்படும். தங்கள் சிப்பந்திகளின் மன உறுதியைப் பாராட்டுகிறோம்.'

மனைவி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் 'நீங்க' முதலில் 'நீ' ஆகும். அதற்குமேல் ஏறினால் வால் முளைக்கும்.

"பைப் ஒழுகுறதை எதுக்குடா சொன்ன?"

"கேட்டாங்க."

"கேட்டா? ஒழுகலைன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்து போயிடுமா?"

வாய் வேகாது. ஆனால் விக்கல் வரும். பொய் சொன்னால் அவனுக்கு விக்கல் வருமென்பது அவளுக்கும் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று மாமனார் 'சிகரெட் உண்டா?' என்று கேட்டபோது வந்த விக்கல், பந்தி முடியும்வரை நிற்கவில்லை.

*

வழி சொன்னவன் மச்சான். மனைவியின் தம்பி, பார்சல் வேன் ஓட்டுகிறவன். உலகத்தில் எந்தச் சிக்கலும் அவனுக்கு ஒரு மூட்டையாகத்தான் தெரியும். எந்தப் பக்கம் தூக்கினால் வரும் என்று மட்டும் பார்ப்பான்.

"மாமா, வீட்டுச் சாமான்னா என்னன்னு அந்தச் சால்வை அம்மாகிட்ட கேட்டீங்களா?"

கேட்டுவந்தான். 'வீட்டினுள், குடும்பத்தாரின் அன்றாடப் பயன்பாட்டில், தொடர்ந்து மூன்று நாள் இருக்கும் பொருள்.' நாலாம் நாள் நேரில் வந்து பார்ப்பார்கள்.

"அவ்வளவுதானே? படகை வீட்டுக்குள்ள தூக்கி வெச்சிருவோம். உக்காருங்க, சாப்பிடுங்க, டிவி பாருங்க. சோபான்னு எழுதிக்கட்டும்."

"அது பொய்யாச்சே."

"மாமா, அதுல உக்காருவீங்களா மாட்டீங்களா?"

"உக்காரணும்னா... உக்காரலாம்."

"அப்ப என்ன பொய்?"

வீடு மூன்றாம் மாடி. அங்கே லிஃப்டைப் பராமரிப்பவனும் மெக்கானிக்தான். கதவுமேல் 'ஆட்கள் மட்டும். சரக்கு ஏற்றக் கூடாது' என்ற பலகையை மாட்டியவனும் அவனே. பலகையை ஒரு முறை ஏக்கமாகப் பார்த்துவிட்டுப் படியில் ஏறினான். மச்சானும் அவன் வேன் கூட்டாளிகள் மூவரும் படகின் முன்பக்கத்தைத் தூக்க, பின்பக்கத்தை மனைவி தூக்க, ஒவ்வொரு திருப்பத்திலும் படகு ஒரு தடவை சுவரையும் ஒரு தடவை மெக்கானிக்கையும் இடித்துக்கொண்டு மேலேறியது. இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்தார். படகைப் பார்த்தார். "கீழ தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே ஓடி பாஸ்போர்ட்டை எடுத்துவந்தார்.

பழைய சோபா மச்சான் வீட்டுக்குப் போயிற்று. (வழி சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றான் மச்சான்.) ஹால் முழுக்கப் படகு. பாயை ஜன்னலில் திரையாகத் தொங்கவிட்டார்கள். பாய்மரம் பால்கனிவரை நீண்டு துணி காயப்போட உதவியது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் நங்கூரம் பார்த்துக்கொண்டது. சுக்கான்மேல் வெங்காயம் நறுக்கினார்கள். பன்னிரண்டு மணிப் போனில் 'மூணாம் மாடி சார்' என்று மெக்கானிக் சொன்னதைத் தொப்பிக்காரர் 'முன்னேற்றம்' என்று எழுதிக்கொண்டார்.

மனைவி படகுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். பல நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு தெளிவு. மெக்கானிக் எதிரே உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. லேசா தலை சுத்துது."

"டைல்ஸ் தரைமேல நிக்குது. எங்க சுத்துது?"

"தெரியுது. ஆனாலும் சுத்துது."

நாலாம் நாள் ஆய்வாளர் வந்தார். இடுப்பில் அகலமான பட்டை கட்டிக்கொண்டு, ஆணியடித்தமாதிரி விறைப்பாக நடந்துவந்தார். மனைவி அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே அவர் முதுகெலும்பில் எந்தக் கண்ணி பிசகியிருக்கிறது என்று கண்டுகொண்டாள்.

"இது என்ன?" என்றார் ஆய்வாளர், மெக்கானிக்கைப் பார்த்து.

மச்சான் கண்ணைக் காட்டினான். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

மெக்கானிக் யோசித்தான். "நாங்க உக்கார்றது சார்."

"எத்தனை பேர் உக்காரலாம்?"

"மூணு பேர். நாலாவது ஆள் உக்காந்தா ஒரு பக்கமா சாயும்."

"எங்க வீட்டு சோபாவும் அப்படித்தான்." எழுதிக்கொண்டார். "தினமும் உபயோகிக்கிறீங்களா?"

"மூணு நாளா இறங்கவே இல்ல சார்."

"முன்பக்கம் ஏன் கூரா இருக்கு?"

"இடிச்சா... எதிர்ல இருக்கிறது விலகும் சார்."

விக்கல் வரவில்லை. தன் வாயிலிருந்து உண்மையே இத்தனை கோணலாக வருமென்று மெக்கானிக்குக்கே அன்றுதான் தெரிந்தது.

ஆய்வாளர் சந்தேகமாகப் பார்த்தார். நின்று நின்று இடுப்பு கடுத்திருக்க வேண்டும். "ஒரு நிமிஷம் உக்காந்து பாக்கட்டுமா?" என்றவரை மனைவி தோளைப் பிடித்து உள்ளே இறக்கினாள். "இப்படிச் சாயுங்க சார். இன்னும். காலை அந்தக் கட்டையில முட்டுக்கொடுங்க." படகின் வளைவு அவர் முதுகின் வளைவுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. எங்கோ ஒரு கண்ணி 'டப்' என்றது. ஆய்வாளர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அஞ்சு வருஷமாச்சு," என்றார். "அஞ்சு வருஷமாச்சும்மா, நான் இப்படிச் சாஞ்சு."

அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே சான்றிதழ் எழுதினார்: 'சோபா, மரத்தாலானது, மூவர் அமர்வது, முதுகுக்கு மிக நல்லது – 1. ஜன்னல் திரை, முக்கோணம் – 1. துணி காயும் கம்பம் – 1. கதவு நிறுத்தி, இரும்பு – 1. காய் நறுக்கும் பலகை – 1.'

கப்பலுக்கு இன்னும் ஐந்து நாள்.

*

துறைமுக வாசலில் சாமான்களைப் படம் பிடிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அதன் திரையில் சோபா படகாகத் தெரிந்தது. இயந்திரத்துக்கு முதுகுவலி கிடையாது.

பெரிய அதிகாரி வந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர் கோப்புக் கட்டையும், இன்னொருவர் மீதிக் கோப்புகள் வைத்த பையையும் தூக்கிவந்தார்கள். பெரியவர் சான்றிதழைப் படித்தார், படத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். பேச வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில்தான் அவர் நன்றாகப் பேசுவார் என்று வாசல் காவலாளி மெதுவாகச் சொன்னார்.

"நாடுகள் ஏன் அழிஞ்சுது தெரியுமா?" என்றார் பெரியவர். "எதிரியாலயா? இல்ல. பஞ்சத்தாலயா? இல்ல. எந்தச் சாமான் எந்தப் பிரிவுன்னு தெரியாததால அழிஞ்சுது. என் காலத்துல இந்தத் துறைமுகத்துலேருந்து ஒரு சாமான்கூடத் தப்பான பிரிவுல போனதில்ல. எப்படி? அவசரப்பட்டு எதையும் அனுப்பினதில்ல. அந்தக் குடோனைப் பாருங்க. பன்னிரண்டு வருஷமா நிரம்பி வழியுது. அது தேக்கம்னு சில பேர் சொல்றாங்க. நான் அதை நிதானம்னு சொல்றேன்."

கோப்புக் கட்டைத் தூக்கியவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார். பையைத் தூக்கியவருக்குக் கை ஒழியவில்லை.

"சோபா படகு மாதிரி இருக்கலாம். அது ரசனை. அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா மிதந்தா அது சோபா இல்ல. மிதக்க விட்டுப் பாருங்க."

மெக்கானிக்குக்குத் தெரியும். அந்தப் படகு மிதக்கும். நன்றாகவே மிதக்கும். மூன்று வருஷம் மனைவி அதைத் தவிர வேறொன்றையும் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. திரும்பி அவளைப் பார்த்தான். அவள் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தாள். தக்கை அதில் தட்டாமாலை சுற்றியது.

குடோனுக்குப் பின்னால் இருந்த பெரிய தண்ணீர்த் தொட்டியில் படகைக் கிரேனால் இறக்கினார்கள். மிதந்தது. பெரியவர் புருவத்தைத் தூக்கினார். ஆனால் அடியில் குபுகுபுவென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் படகு எருமைபோல் விளிம்புவரை அமுங்கி, அசையாமல் நின்றது. மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"முழுசா முழுகலையே?" என்றார் பையைத் தூக்கியவர், தானும் ஏதாவது சொல்ல வேண்டுமென்று.

பெரியவர் மெக்கானிக்கிடம் திரும்பினார். "இப்ப இதுல உக்காந்தா நனையுமா?"

"நல்லாவே நனையும் சார்."

"கலத்துல உக்காந்தா நனையக் கூடாது. ஆக, இது கலம் இல்ல." மூச்சுவிட்டுக்கொண்டு தொடர்ந்தார். "ஆனா ஓட்டை இருக்கு. பழுதான சாமானை வெளிநாட்டுக்கு அனுப்பினா நாட்டோட பேர் கெடும். ஓட்டையை அடைச்சு எடுத்துட்டு வாங்க."

"அடைச்சா மிதக்கும் சார்," என்று வாய்விட்டான் மெக்கானிக். கேட்காத உண்மை. பழக்கதோஷம்.

பெரியவர் புருவம் மறுபடி ஏறியது. அதற்குள் மனைவி குறுக்கே புகுந்தாள். "சார், அது பழுது இல்ல. சோபால டீ, தண்ணி ஏதாவது கொட்டிடுது இல்லையா? அது வடியறதுக்குன்னே வெச்சது."

பெரியவர் குனிந்து தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "எங்க வீட்டு சோபால இது இல்லையே," என்றார் வருத்தமாக. சான்றிதழில் அவர் கைப்படச் சேர்த்தார்: 'ஓட்டை, நிரந்தரமானது – 1. மிதவாது.' முத்திரையும் குத்தினார்.

வெளியே வரும்போது கலப் பிரிவுத் தொப்பிக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"கேள்விப்பட்டேன் கேப்டன். தொட்டியில மூழ்கிடுச்சாமே."

"ஆமா சார்."

"உயிர்ச்சேதம்?"

"இல்ல சார்."

"கடைசிவரைக்கும் கூடவே நின்னீங்க. அதான் கேப்டன்." இன்னொரு கையில் இருந்த படகின் கோப்பை அங்கேயே மூடினார். இனி பன்னிரண்டு மணிக்கு அவருக்கு யாரும் போன் செய்யப்போவதில்லை.

*

ஆறு வாரம் கழித்து, அக்கரையில் சோபா வந்து இறங்கியது.

மெக்கானிக் அங்கே நாற்பதாம் மாடிவரை போய்விட்டான். மனைவி ஜன்னலிலேயே இருந்தாள். அவள் வந்ததே திரும்பிப்போகும் டிக்கெட்டோடுதான். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள், தேதி தெரிகிறமாதிரி. வருகிற சனிக்கிழமை. மெக்கானிக் தினமும் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அதைப் படித்தான். பிறகு ஃப்ரிட்ஜைத் திறப்பதையே விட்டுவிட்டு வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தான்.

அந்தத் துறைமுக அலுவலகம் கரையோரத்தில் ஒரே ஓர் அறை. ஊதாச் சட்டை போட்ட அதிகாரி சான்றிதழைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய சோபாவா? பழைய சோபா இந்த நாட்டுக்குள்ள வரக் கூடாது. மூட்டைப்பூச்சி வரும். நாலு மணிக்கு வண்டி வரும், எடுத்துட்டுப் போய் எரிச்சிருவாங்க. இங்க ஒரு கையெழுத்து."

மனைவி வெளியே போய்ப் படகின் பக்கத்தில் நின்று அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். கோபம் வந்திருந்தால்கூட மெக்கானிக் தாங்கியிருப்பான். 'நீ' இல்லை, 'டா' இல்லை, ஒன்றுமே இல்லை.

அவனுக்குள் எத்தனையோ நாளாக அடைத்துக்கொண்டிருந்தது ஒன்று பிய்த்துக்கொண்டு வந்தது.

"சார், அது சோபா இல்ல! படகு! பாய்மரப் படகு! திரைன்னு போட்டிருக்கே, அது பாய். கம்பம், பாய்மரம். கதவு நிறுத்தி, நங்கூரம். வெங்காய வாசனை வருதே, அதான் சுக்கான்!"

"படகா?" ஊதாச் சட்டைக்காரர் நிமிர்ந்தார். "முதல்லயே சொல்ல வேண்டியதுதானே? படகுக்கு இங்க ஃபாரமே கிடையாதே. தண்ணில இறக்கி ஓட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

மெக்கானிக்குக்குச் சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

"ஆனா," என்றார் அதிகாரி, சான்றிதழில் விரல் வைத்து, "ஒரு நாட்டு அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்திருக்கு. நிரந்தர ஓட்டை. மிதவாது. இன்னொரு அரசாங்கத்தோட வார்த்தையை நான் எப்படி மீறுறது? சாமான் உங்க பேர்ல இருக்கு. நீங்களே உள்ள உக்காந்து, அதோ தண்ணில தெரியுதே, அந்த மிதவைக் கம்பத்தைச் சுத்தி வந்து காட்டணும். நாலு மணிக்குள்ள."

மூன்றேகால்.

பாய்மரத்தை நட்டுப் பாயைக் கட்ட மனைவிக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. படகு சரிவில் பாதி தண்ணீரில் நின்றது. அவள் சாவிக்கொத்திலிருந்து தக்கையைக் கழற்றினாள். குனியப்போனவள், நிமிர்ந்து அவனிடம் நீட்டினாள்.

"நீங்க போடுங்க."

"நானா? போன தடவை நான் மறந்து..."

"அதான். இந்தத் தடவை நீங்க போடுங்க."

மெக்கானிக் முட்டி போட்டு உட்கார்ந்தான். தக்கையைச் செருகினான். திருகினான். கட்டைவிரலால் அழுத்தினான். இழுத்துப் பார்த்தான். மறுபடி திருகினான். நாற்பது மாடிக்கு ஆளேற்றும் கயிற்றையும் அவன் இவ்வளவு சோதித்ததில்லை. தூரத்தில் எரிக்கிற வண்டி ரிவர்ஸ் எடுக்கும் 'பீப் பீப்' கேட்டது.

"ஏறுங்க," என்றாள்.

ஏறினான். அவள் தள்ளிவிட்டுத் தாவி ஏறினாள். பாய் ஒரு தடவை படபடவென்று அடித்துக்கொண்டு, பிறகு வயிறு புடைத்து நின்றது. கரை பின்னால் போயிற்று. மெக்கானிக் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். காலடி காய்ந்தே இருந்தது. மிதவைக் கம்பம் வந்தது, சுற்றினார்கள். கரையில் ஊதாச் சட்டைக்காரர் காகிதத்தை ஆட்டிக் கூப்பிட்டார்.

"போதும்! மிதக்குது! வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க!"

மனைவி சுக்கானைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். திரும்பவா என்று கேட்கும் பார்வை. பதினோரு வருஷம் எதற்கும் கையெழுத்துப் போடாமல் நகர்ந்ததில்லை அவன்.

"காது கேக்கல சார்!" என்று கரையைப் பார்த்துக் கத்தினான். உடனே ஒரு விக்கல் வந்தது.

அவள் சிரித்த சிரிப்பில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. கரை சின்னதாகியது. அறை ஒரு தீப்பெட்டி ஆயிற்று. ஊதாச் சட்டை ஒரு புள்ளி ஆயிற்று. அடுத்தடுத்து இரண்டு விக்கல், அப்புறம் ஒரு பெரிய அலை. மெக்கானிக் இரண்டு கையாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டான்.

"பயமா இருக்கா?"

"பயமெல்லாம் இல்ல." விக்கினான். "சோபாதான் கொஞ்சம் ஆடுது."

அவள் அவன் முகத்தின் நிறத்தைப் பார்த்தாள். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள பிசியோதெரபி படித்திருக்க வேண்டியதில்லை.

"வாந்தி வந்தா வெளிப்பக்கமா எடுங்க," என்றாள். "சோபாவ நாசம் பண்ணிடாதீங்க."